கரீபியத் தோட்டத்துரைகளின் வாரிசுரிமை

பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட ஜமைக்கா, பார்படோஸ், செயின்ட் கிட்ஸ் முதலிய தீவுகளில், 17ஆம் நூற்றாண்டு முதல் 1834இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, கரும்புத் தோட்டம் வைத்திருந்த வெள்ளையர் குடும்பங்களில் சொத்து கைமாறிய முறையை இக்கட்டுரை விவரிக்கிறது. நிலம், சர்க்கரை ஆலை, கால்நடை ஆகியவற்றோடு அடிமைப்பட்ட மனிதர்களையும் இவர்கள் உயிலில் எழுதிவைத்தனர். பார்படோஸ் 1668இல் இயற்றிய சட்டம் அடிமைகளை அசையாச் சொத்து என்றது. தோட்டம் ஒருவருக்கும் அதில் உழைப்போர் இன்னொருவருக்குமாகப் பிரிந்து போகாமல், இரண்டும் சேர்ந்தே வாரிசுக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். 1732இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, கடனுக்கு ஈடாக நிலத்தையும் அடிமைகளையும் எடுத்துக்கொள்ள வழிசெய்தது.

வாரிசு பெரும்பாலும் தீவில் வாழவில்லை. ஜமைக்காவின் பெருஞ்செல்வக் குடும்பமான பெக்ஃபோர்டுகளில், அண்ணன் 1737இல் இறக்க, தம்பி வில்லியம் பெக்ஃபோர்டுக்குத் தோட்டங்கள் வந்தன. அவர் இருமுறை லண்டன் மேயராக இருந்து 1770இல் இறந்தார். முறைப்படி பிறந்த ஒரே மகனுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. பெருஞ்சொத்து அவனுக்கே சென்றது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கு உயிலில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. சொத்தை அடைந்த மகன் ஃபாண்ட்ஹில்லில் பிரம்மாண்டமான மாளிகை எழுப்பி, 1822இல் அதை விற்கும் நிலைக்கு வந்தார்.

உயில்களைவிடச் சிக்கலானது, அவற்றில் இடம்பெறாத உறவு. அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையும் அடிமையே என்பது சட்டம். தந்தை துரையாக இருந்தால், சொந்தப் பிள்ளையே அவரது சொத்துக் கணக்கில் சேரும். விடுதலை பெற்ற பிள்ளைகளுக்குத் தந்தையர் நிறைய எழுதிவைக்கத் தொடங்கியதும், ஜமைக்கா சட்டமன்றம் 1761இல் 2,000 பவுண்டு உச்சவரம்பு விதித்தது. செல்வாக்குள்ளவர்கள் தனிச்சட்டம் வாங்கித் தப்பினர். தந்தையின் பாசத்துக்குக்கூடச் சட்டமன்றம் விலை வரம்பு வைத்தது என்றால் மிகையாகாது. மணமாகாமலே 1813இல் இறந்த ஜமைக்காத் துரை சைமன் டெய்லர், கலப்பினப் பிள்ளைகளுக்குச் சிறு தொகைகளை விட்டுப் பெருஞ்சொத்தைத் தம்பி மகனுக்கு எழுதினார். அவரும் 1815இல் இறக்க, அவருடைய சகோதரி அதை அடைந்தார். சகோதரியின் கணவர் ஜார்ஜ் வாட்சன் தம் பெயரோடு டெய்லர் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

செயின்ட் கிட்ஸில் விதிவிலக்கு உண்டு. அடிமைத் தாய்க்கு 1779இல் பிறந்த நத்தானியேல் வெல்ஸ், 1794இல் தந்தையின் தோட்டங்களுக்கு வாரிசானார். பின்னர் வேல்ஸில் குடியேறி, 1818இல் மன்மத்ஷயரின் ஷெரிஃப் ஆனார். அடிமைகளை வைத்திருந்ததில் அவரும் பிற துரைகளிடமிருந்து வேறுபடவில்லை. எதிர்முனையில் நிற்பவர் ராபர்ட் வெடர்பர்ன். ஜமைக்காவில் அடிமைப் பெண் ரோசன்னாவுக்குப் பிறந்த அவரை, தந்தை ஜேம்ஸ் வெடர்பர்னின் முறையான குடும்பம் உறவென்று ஏற்கவில்லை. அவர் தம் கதையை 1824இல் நூலாக வெளியிட்டார்.

அடிமை முறை ஒழிந்தபோது நாடாளுமன்றம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. தோட்ட வருமானத்திலிருந்து ஆண்டுத்தொகை பெற்றுவந்த கைம்பெண்களும் மணமாகாத மகள்களும், அடமானம் பிடித்த வணிகர்களும் அதில் பங்கு கேட்டனர். விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் முழுவதும் அடைந்தது.