தூக்கு மேடை ஓய்வெடுக்கும் நாட்டில் மன்னிப்பு யாருக்கு?

இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23ஆம் திகதி. அதன்பின் எந்த ஜனாதிபதியின் காலத்திலும் தூக்கு மேடை இயங்கவில்லை. ஆனால், மரண தண்டனை விதிப்பதை மேல் நீதிமன்றங்கள் நிறுத்தவும் இல்லை. கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் நீதிபதிக்கு வேறு தெரிவு கிடையாது. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆவது பிரிவு மரணத்தை மட்டுமே சொல்கிறது. ஆகவே மன்றில் விளக்குகள் அணைக்கப்படுகின்றன, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. பிறகு அந்தக் கைதி சிறைக்குப் போய், ஒருபோதும் வராத ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார். இப்படிக் காத்திருப்போரின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிப் பல வருடங்களாகின்றன.

மரண தண்டனை பற்றிய விவாதம் எப்போது எழுந்தாலும் “தூக்கில் போடலாமா, கூடாதா” என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. நான் மரண தண்டனைக்கு எதிரானவன். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால், இந்த நாட்டில் அதைவிட அவசரமான கேள்வி வேறு. தூக்கிலிடாத ஒரு நாட்டில், மரண தண்டனை பெற்றவர்களில் யார் வெளியே வருகிறார்கள்?

சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1958இல் சட்டம் கொண்டுவந்து மரண தண்டனையை இடைநிறுத்தியது. இதை ஆராய நோர்வல் மொறிஸ் தலைமையில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, இடைநிறுத்தம் தொடரலாம் என்றே பரிந்துரைத்தது. 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்கவே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருடம் முடிவதற்குள் மரண தண்டனை மீண்டும் சட்டமானது, அதுவும் நடந்து முடிந்த கொலைக்கும் பொருந்தும்படி. சட்டத்தை எழுதியவர்களின் அவசரம் ஒரு விசித்திரமான முடிவைத் தந்தது. கொலைச் சதிக்கு அந்தப் பின்னோக்கிய விளைவு பொருந்தாது என்று குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. சுட்ட சோமராம தேரர் 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். சதியைத் திட்டமிட்டதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர் ஆயுள் தண்டனையோடு தப்பினார். கோபத்தில் எழுதப்படும் சட்டம் பெரிய கையைத் தவறவிட்டுச் சிறிய கையைப் பிடித்த கதை இது.

கோபத்துக்கு நம்மிடமும் குறைவில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது வடக்கே தெருவில் இறங்கியது. “தூக்கில் போடு” என்ற குரல் யாழ்ப்பாணத்தில் அன்று எல்லாப் பக்கமும் கேட்டது. 2017 செப்டெம்பரில் ட்ரயலட்பார் நீதிமன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பில் மக்கள் ஆறுதல் கண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தகைய குற்றத்துக்கு முன்னால் ஆறுதலைத் தேடுவது மனித இயல்பு.

ஆனால், அதே வருடம் செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெற்கிலும் அதே கோபம், தூக்கு மேடையைத் திறக்கச் சொல்லி அதே குரல். பொலிஸார் 17 வயது மாணவன் ஒருவனையும் குடும்பஸ்தர் ஒருவரையும் கைது செய்தார்கள். தன்னை அடித்துத் துன்புறுத்தினார்கள் என்றான் அந்த மாணவன். மரபணுப் பரிசோதனை இருவரையும் விடுவித்தது. அடுத்து இன்னொருவர் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஊடகங்கள் சொல்லின. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் அவருடைய சகோதரனின் மரபணு பொருந்தியது, 2016இல் அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. குற்றவாளியின் தடயம் எஞ்சியிருந்ததால்தான் அந்த மூவரும் தப்பினார்கள். தடயம் எஞ்சாத வழக்குகளில் என்ன நடக்கிறது?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் சான்றாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆவது பிரிவிலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்திலுள்ள அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகும். அது அடித்து வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு அடிபட்டவர் தலையில்.

போதைப்பொருள் வழக்குகளைப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு இன்னும் பச்சையாகத் தெரியும். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கலாம். இரண்டு கிராம் என்பது காற்சட்டைப் பையில் அடங்கும் ஒரு பொட்டலம். கப்பலில் கிலோக்கணக்கில் கொண்டுவருபவர் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டு சந்தியில் நிற்பதில்லை. நிற்பவர் பெரும்பாலும் தானே அடிமையாகிப்போன இளைஞர். வசதி இல்லாதவருக்கு மேல் நீதிமன்றம் ஒரு சட்டத்தரணியை நியமிக்கும். அந்தச் சட்டத்தரணிக்குக் கிடைக்கும் சொற்பக் கொடுப்பனவையும், பெரிய வழக்குகளில் ஆஜராகும் ஜனாதிபதி சட்டத்தரணிகளின் கட்டணத்தையும் ஒப்பிட்டால் மீதியை வாசகரே ஊகிக்கலாம்.

இந்தப் போதைப்பொருள் கைதிகளைத்தான் தூக்கிலிடப் போவதாக 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். அலுகோசு பதவிக்கு விளம்பரம் வந்தது, நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2019 ஜூனில் நால்வரின் ஆணையில் கையெழுத்திட்டுவிட்டதாகச் சொன்னார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. (2018 டிசம்பரில், மரண தண்டனையை இடைநிறுத்தக் கோரும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு இதே இலங்கை ஆதரவாக வாக்களித்திருந்தது.)

அதே சிறிசேன பதவியை விட்டுப் போகும் தறுவாயில், 2019 நவம்பரில், றோயல் பார்க் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற, வசதியான குடும்பத்து இளைஞருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இரண்டு கிராம்காரருக்குக் கயிறு, இவருக்குக் கதவு. அந்த மன்னிப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தபோது அவர் நாட்டை விட்டே போயிருந்தார்.

மிருசுவில் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2000 டிசம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போனார்கள். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டு மலசலகூடக் குழியில் போடப்பட்டார்கள். தப்பிய ஒருவர் சொன்னதால்தான் உடல்கள் கிடைத்தன. தீர்ப்பு வர 2015 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இராணுவத்தின் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை. உயர் நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. 2020 மார்ச் 26ஆம் திகதி, கொரோனா ஊரடங்கில் நாடு வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை விடுதலை செய்தார்.

“தூக்கு வேண்டாம் என்கிறீர்கள், அவரை விட்டதையும் கண்டிக்கிறீர்கள், இது முரண் இல்லையா?” என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். முரண் இல்லை. தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைப்பது வேறு, குற்றத்தையே நடக்காததுபோல் ஆக்குவது வேறு. முதலாவதை எல்லாக் கைதிகளுக்கும் ஒரே அளவுகோலில் செய்யலாம். சில ஜனாதிபதிகள் செய்துமிருக்கிறார்கள். ரத்நாயக்கவைத் தூக்கிலிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் சிறையில் இருந்திருக்க வேண்டும் என்கிறேன். மிருசுவில் குடும்பங்கள் பதினைந்து வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்து பெற்றதை ஒரு கையெழுத்து எடுத்துக்கொண்டது; ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவும் ஒருவரும் இல்லை.

அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை இதற்கு ஒரு வழிமுறையைச் சொல்கிறது. மரண தண்டனைக் கைதியின் விடயத்தில் ஜனாதிபதி, விசாரித்த நீதிபதியின் அறிக்கையைப் பெற வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்கும், பின்னர் நீதி அமைச்சரின் பரிந்துரைக்கும் போக வேண்டும். பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர கொலையில் தண்டனை பெற்ற துமிந்த சில்வாவுக்கு 2021இல் அளிக்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்துச் செய்தது. ஜனாதிபதியின் பேனாவும் நீதிமன்றத்தின் கேள்விக்கு உட்பட்டதே என்பது அதனால் உறுதியானது. ஆனால், அந்த வழக்குக்குப் போனவர்கள் கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும். மகள் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். மிருசுவிலில் உறவுகளை இழந்தவர்கள் கொழும்புக்கு வந்துபோகவே கடன் பட வேண்டியவர்கள்.