பிலாமரப் பொந்தும் எட்டு வீட்டு ரகசியமும்

போன வாரம் என் மகள் ‘டாவின்சி கோட்’ படித்து முடித்துவிட்டு, “நம்ம ஊர்ல இந்த மாதிரி கதையெல்லாம் கிடையாதாப்பா?” என்று கேட்டாள். புனிதச் சின்னம், ரகசியக் கூட்டம், துரத்தல், எல்லாமே நாம் ஊருக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது என்றேன். நம்பவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. வந்தால் நெய்யாற்றின்கரை. அங்கே கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ஒரு பழைய பிலாமரத்தைப் பாதுகாத்து வருகிறார்கள். அம்மச்சி பிலாவு என்று பெயர். எதிரிகள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில் ஒளிந்து தப்பினாராம். வழிகாட்டிய சிறுவன் கண்ணனே என்று நம்பிப் பிற்பாடு கோயில் கட்டினார் என்பது ஐதீகம்.

துரத்தியது யார்? வேணாட்டில் மருமக்கத்தாயம். ராஜாவுக்குப் பின் பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. மாமா ராம வர்மாவுக்குப் பின் 1729-ல் மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறினார். மாமாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் எதிர்த்தார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற செல்வாக்குள்ள நிலப்பிரபுக்கள் அவர்கள் பக்கம். முடிவில் தம்பிமார் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் தோண்டியதாகச் சொல்வார்கள். 1750-ல் ராஜா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்தார்.

இந்தச் சதிக்கதையைத்தான் சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் ‘மார்த்தாண்டவர்மா’ என்று நாவலாக்கினார். மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். மாறுவேடம், நள்ளிரவு ஆலோசனை என்று விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அதில் பிள்ளைமாரும் தம்பிமாரும் வில்லன்கள்.

ஆனால் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் ‘தம்பிமார் கதை’ என்று ஒன்று உண்டு. ராஜா அவர்கள் தங்கையைப் பெண் கேட்டதில்தான் பகை மூண்டது என்கிறது அது. அங்கே தம்பிமார்தான் நாயகர்கள்.

ஒரே சம்பவம், இரண்டு கதை. நாவல் அச்சேறிப் பாடப்புத்தகம் வரை போனது. பாட்டு கோயில் கொடைகளோடு நின்றுவிட்டது. 1956-ல் எல்லை பிரித்தபோது பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. கதையும் அப்படியே இரண்டாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

“அப்போ யாருப்பா கெட்டவங்க?” என்றாள் மகள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஜெயித்தவர் ஒளிந்த மரத்துக்குக் கோயில் இருக்கிறது. தோற்றவர்கள் வீடு இருந்த இடத்தில் குளம். அடுத்த லீவில் களியக்காவிளை தாண்டி, பாறசாலை வழியாக அந்த மரத்தைக் காட்டக் கூட்டிப்போக வேண்டும். அதற்குமுன் தம்பிமார் கதையையும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.