தந்தி தங்கும் இடம்

சென்ற வருடம் மாணவன் ஒருவனைக் காரணமின்றிக் கடிந்துகொண்டேன். கப்பல்துறைப் பையன். தகப்பனார் அரை விலைக்கு வாங்கிக் கொடுத்த மின்கிற்றாரை மடியில் வைத்து, அதன் குதிரையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சேர், மோகனம் வாசிச்சா கமகம் முடிய முன்னம் சத்தம் செத்துப்போகுது. பித்தளையில ஒரு குதிரை வைக்கப்போறன்" என்றான்.

"வெள்ளைக்காரன் பெட்டியை எத்தனை தரம் கழற்றினாலும் நம் இசை வராது, தம்பி" என்றேன். தமிழாசிரியன் என்ற மிதப்பு.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை மறந்து பேசிவிட்டேன். ஆந்திராவின் பாலகொல்லில் 1969 இல் பிறந்து, 2014 இல் மறைந்தவர். மாண்டலின் இத்தாலிய வாத்தியம். நான்கு சோடியாக எட்டுத் தந்திகள். சோடியை இழுத்து அசைத்தால் இரண்டும் ஒரே சுருதியில் நிற்பது கடினம். ஓசையோ மீட்டியவுடன் மாயும். மேல்நாட்டார் ஒரே சுரத்தை விரைந்து விரைந்து மீட்டி அந்தக் குறையை மறைப்பார்கள். கமகத்துக்கு அது உதவாது. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை எடுத்து, சோடிகளை ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவது தந்தியொன்றும் சேர்த்தார். பத்து வயது நிரம்புமுன், 1978 இல், குடிவாடாவில் கச்சேரி செய்தார்.

மின்வாத்தியத்தில் ஓசை ஏன் நிற்கிறது? கூடுள்ள வாத்தியத்தில் தந்தி தன் சக்தியைக் கொடுத்துப் பலகையை அசைக்கிறது. அந்தச் செலவில்தான் நமக்குச் சத்தம் கேட்கிறது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்கரான லெஸ் போல் கனத்த மரக்கட்டையொன்றில் தந்தி கட்டி, காந்தச் சுருளால் அதன் அசைவை மின்னாக்கினார். கட்டை அசையவில்லை, தந்தியின் சக்தி தந்தியிடமே தங்கிற்று. ஆனால் தந்தி தங்கும் இரு முனைகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும் சக்தி அவ்வழியே கசிந்துவிடும். பையன் குதிரையில் கைவைத்தது அதனால்தான்.

நம் வீணையைப் பாருங்கள். மரக்குதிரையின் தலையில் சற்றே வளைந்த உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். அதன்மீது தந்தி உரசி எழுப்பும் கார்வையைத்தான் வீணையின் நாதம் என்று மெச்சுகிறோம். அதற்கும் முந்திய யாழை, பொருநராற்றுப்படை பத்தர், ஆணி, திவவு, மருப்பு என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்திருக்கிறது. திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த அந்த யாழைத் தேடிப் பல்லாண்டு உழைத்து 1947 இல் 'யாழ் நூலை' அரங்கேற்றினார். நரம்பையும் ஆணியையும் ஆராய்வது அவருக்குத் தமிழ்ப்பணியாக இருந்தது. அதையே வகுப்பில் படிப்பிக்கும் நான், ஆணி கழற்றிய பிள்ளையை ஏசியிருக்கிறேன்!

அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். பித்தளைக் குதிரையை அரத்தால் அராவி அவனே பொருத்தியிருந்தான். காந்தாரத்தைத் தொட்டு இழுத்தான், ஓசை நின்றது.

"நிக்குது சேர், ஆனா சத்தம் கொஞ்சம் கூராயிட்டுது. மேல்முனையில இருக்கிற பிளாஸ்டிக் துண்டையும் மாத்தினா எப்படியிருக்கும்?"

"எதைப் போடுவாய்?"

"எலும்பு, இல்லாட்டி மான்கொம்பு" என்றான். மான்கொம்புக்கு இக்காலத்தில் சட்டம் இடம் தராது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.