இராமச்சந்திரன் வரைபடம்

புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எவ்வெவ்வாறு திரும்பக் கூடும், எவ்வாறு திரும்ப இயலாது என்பதை இரண்டு கோணங்களைக் கொண்டு ஒரு சதுரத்தினுள் காட்டும் படம். எர்ணாகுளத்தில் பிறந்து, 1952 முதல் சென்னைச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஜி. என். இராமச்சந்திரன் (1922–2001), சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து இதனை 1963-இல் வெளியிட்டார்.

தோற்றம்: தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று சுருள்கள் பின்னிய அமைப்புடையது என்று இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கூறியபோது, அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் ஆட்சேபம் எழுப்பினர். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை ஏற்கெனவே ஆராயப்பட்ட படிகங்களிலிருந்து தொகுத்தறியும் முயற்சி இதிலிருந்தே பிறந்தது.

கணிப்பு முறை: அமினோ அமிலத்தின் நடுக் கார்பனுக்கு இருபுறமும் உள்ள பிணைப்புகளின் திருப்பங்கள் ஃபை, சை எனப்படும். இவற்றைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்களுக்கு இடையேயுள்ள தூரங்களைக் கணக்கிட்டு, எந்த இரண்டேனும் வரம்புக்குக் குறைவாக நெருங்கின் அந்நிலையை விலக்கினர். எஞ்சியது சதுரத்தின் ஒரு சிறு பகுதியே; ஆல்ஃபா சுருளுக்குரிய −57, −47 பாகைகள் அதனுள் அடங்குகின்றன. பக்கக் கிளையாக ஹைட்ரஜன் அணு மட்டுமே உடைய கிளைசினுக்கோ அனுமதிக்கப்பட்ட பரப்பு மிக விரிவானது.

கணிப்பொறியும் புரத மடிப்பும்: 100 பிணைப்புகளுள் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகளே உண்டெனக் கொண்டாலும், மொத்த வடிவங்களின் எண்ணிக்கை 48 இலக்கங்களை எட்டுமாதலின், அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு புரதம் தன் உருவை அடைதல் அசாத்தியம் என்ற புதிரை சைரஸ் லெவிந்தால் 1969-இல் முன்வைத்தார். அப்பெருந்தேடலில் அசாத்தியமானவற்றை முதலிலேயே ஒதுக்க உதவுவதே இவ்வரைபடத்தின் பிரயோஜனம். 1975-இல் மைக்கேல் லெவிட், ஏரியே வார்ஷெல் ஆகியோர் எளிமையாக்கப்பட்ட ஒரு சிறு புரதத்தின் மடிப்பைக் கணிப்பொறியில் நிகழ்த்திக் காட்டினர். அறியப்பட்ட வடிவங்களிலிருந்து கற்றுப் புதியவற்றைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் முறையின் இரண்டாம் பதிப்பு 2020-இல் வியத்தகு துல்லியம் எய்திற்று. அதனை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவரும், புதுப்புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரும் 2024-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்றும் சோதனைச்சாலையில் கண்டறிந்த வடிவமாயினும், கணிப்பொறி ஊகித்த வடிவமாயினும், அதன் கோணங்கள் இப்படத்தில் புள்ளிகளாக இடப்படுகின்றன. விலக்கப்பட்ட பரப்பில் விழும் புள்ளிகள் பிழைக்கு அறிகுறியாகக் கொள்ளப்பட்டு, அவ்விடங்கள் மீண்டும் பரிசீலிக்கப்படுகின்றன.