ஊறல்

நாவல்பழ ஜின்னுக்கு அடுப்பு வேண்டாம். பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கண்ணாடிச் சாடியில் போட்டு லேசாக நசுக்கி, மூழ்கும் அளவு ஜின் ஊற்றி அலமாரி இருட்டில் வைத்தால் போதும். நாலைந்து நாளில் கருஊதா நிறம் ஏறிவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் சர்க்கரைப் பாகும் பனிக்கட்டியும் சேர்த்து, மேலே டானிக் தண்ணீர் ஊற்றினால் காக்டெயில் தயார். வேலூரில் என் சமையலறையில் இதைச் செய்கிறேன். ஜின், சென்னையில் குளிரூட்டிய ‘எலைட்’ டாஸ்மாக் கடையில் வாங்கியது. யாரும் என் கதவைத் தட்டியதில்லை.

‘ஊறவைத்திருக்கிறேன்’ என்று தோழிகளிடம் சொன்னபோதுதான் அந்தச் சொல் உறைத்தது. எங்கள் வட்டாரச் செய்தித்தாள்களில் ‘ஊறல்’ என்றால் ஒன்றுதான்: அல்லேரி மலையிலும் ஜவ்வாது மலையிலும் காவல்துறை தேடிப்பிடித்துக் கொட்டி அழிக்கும் சாராய ஊறல். வெல்லத்தோடு வேலம்பட்டை போட்டு ஊறவைப்பது. இரண்டும் ஒன்றல்ல. அது புளித்துப் பொங்கி, பிறகு காய்ச்சி வடிக்கப்படுவது. என் சாடியில் எதுவும் புளிப்பதில்லை. வடிக்கும் வேலையை ஆலை முன்பே முடித்துவிட்டது. முடித்துக் கொடுத்ததற்கு வரியும் கட்டியாகிவிட்டது.

துவர்ப்பில் மட்டும் இரண்டும் உறவு. வெள்வேலம்பட்டையில் உள்ள டானின் ஊறலின் கசடைப் படியவைக்கும்; பட்டைச் சாராயம் என்ற பெயரே அதனால் வந்தது. நாவல்பழம் நாக்கை இழுப்பதும் டானினால்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழில் எழுந்து நின்றதும் அதே துவர்ப்பின்மேல். குரோம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறித்தான் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதமாகிக் கப்பலேறின. தொட்டியில் ஊறிய பட்டை ஏற்றுமதியானது, பானையில் ஊறிய பட்டை குற்றமானது.

குற்றமாக்கியது காந்தியம் என்றே நாம் நினைக்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே, 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். அப்போது யாருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் கவலை இல்லை. கவலையெல்லாம் வருவாய் பற்றி. ஏலம் எடுத்தவரின் சாராயத்தை வாங்காமல் வீட்டிலேயே வடித்துக்கொண்டால் கஜானாவுக்கு நட்டம். மதுவிலக்கு பிறகுதான் வந்தது. 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கியது, 1939இல் எங்கள் வட ஆர்க்காட்டுக்கு வந்து சேர்ந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட அதே ஆண்டில் விற்பனை வரியும் வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் இறுகி, 2003இல் அரசே சில்லறைக் கடையில் நின்று விற்கத் தொடங்கியபோதும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் மதுவிலக்குச் சட்டம்தான். குடிப்பது குறித்து அரசு பலமுறை மனம் மாறியது. வீட்டுப் பானை குறித்து மாறவே இல்லை.

ஜின்னின் சொந்த ஊரிலும் கதை இப்படித்தான். 1736இல் லண்டனில் ஜின் விற்க ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம் விதித்தார்கள். கூடையிலும் தள்ளுவண்டியிலும் விற்றவர்களில் பலர் ஏழைப் பெண்கள். அவர்களுக்கு அது கனவிலும் காணாத தொகை. பிடிபட்டவர்கள் அபராதம் கட்ட வழியின்றிச் சிறை போனார்கள். 1751இல் ஹோகார்த் வரைந்த ‘ஜின் சந்து’ ஓவியத்தின் நடுவே, போதையில் குழந்தையை நழுவவிடும் தாய். அதன் ஜோடியான ‘பீர் தெரு’வில் கொழுகொழுவென்று சிரிக்கும் கைவினைஞர்கள். ஆண் குடித்தால் உழைப்பின் களைப்பு, பெண் குடித்தால் நாட்டின் அழிவு. நம்மூர் சினிமாவுக்கு இது புதிதல்ல.

இதையெல்லாம் மதுக்கடையை மூடச்சொல்லும் பெண்களுக்கு எதிரான வாதமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கூலி, கணவன் வழியாக டாஸ்மாக்குக்குப் போய்ச்சேர்வது எந்தத் தெருவிலும் தெரிந்த கதை. 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, பெண்கள் உட்பட. காட்டு ஊறலை நாட்டுப்புறக் கலை என்று கொண்டாட அதற்குப் பிறகு எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் அல்லேரியை மறக்கவும் முடியவில்லை. ஊறல் தேடிக் காவல்துறை ஏறும் அந்த மலைக்கு 2023இல் சரியான சாலை இல்லை. அந்த ஆண்டு பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை ஒரு தாய் கைகளில் ஏந்தி ஊருக்கு நடந்தாள். ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. வடிப்பதை விட்டவர்களுக்கு அரசு மறுவாழ்வு நிதி தருகிறது. கறவை மாடு வாங்கலாம், பெட்டிக்கடை வைக்கலாம். அவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘மனம் திருந்தியவர்கள்’. அந்தப் பாலைக் கறந்து, விடிவதற்குள் அடிவாரத்துக்குச் சுமந்து இறக்குவதற்கும் அப்போது அதே பாதைதான் இருந்தது.