கார்புரேட்டரும் பம்ப் ஸ்டவ்வும்

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1941 முதல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் ராணுவம் கழித்த வண்டிகள் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. 1947இல் மும்பையில் மகேந்திரா நிறுவனத்தார் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்கள். மழை பெய்தால் காலை விடாத எங்கள் பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் பாதைக்கு ஏற்ற வண்டி அது. அதன் கதையை ஆண்களின் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். அதிலும் கார்புரேட்டரை ‘டியூன்’ செய்வது தேர்ந்த மெக்கானிக்கின் தனி வித்தை என்பார்கள்.

அந்த வித்தைதான் என்ன? கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். குறைந்தால் எஞ்சின் திணறும், பிளக் வெளுக்கும். முதலில் ஜெட்டின் அடைப்பை எடுப்பார்கள். எஞ்சின் சூடானபின் ஐடிலிங் ஸ்குரூவை மெல்ல உள்ளே திருகி, எஞ்சின் தடுமாறியதும் நிறுத்தி, ஓட்டம் சீராகும்வரை வெளியே திருகுவார்கள். காது, மூக்கு, கண், விரல்நுனி இவையே கருவிகள்.

இவை ஆண்களுக்கு மட்டும் வாய்த்தவை அல்ல. 1940இல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது கார்புரேட்டர் கோளாறால் எஞ்சின் திணறியது. அதற்குத் துளையிட்ட சிறு உலோகத் துண்டு ஒன்றைத் தீர்வாகத் தந்தவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். 1941இல் விமானத்தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்தவும் செய்தார். விமானிகள் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள், இரட்டை அர்த்தச் சிரிப்போடு. இந்தியாவிலும் 1942இல் பெண்கள் துணைப்படை தொடங்கப்பட்டது. போருக்குப் பின் அது கலைக்கப்பட்டது. மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண்கள் இந்திய ராணுவத்தில் அதிகாரிகளாக 1992வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டிகளைப் போலப் பெண்களும் ‘டிஸ்போசல்’ ஆனார்கள். வண்டிகளையாவது வாங்க ஆளிருந்தது.

படைக்குப் போகாத பெண்களிடமும் இந்த வித்தை இருந்தது. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை நினைத்துப் பாருங்கள். அதிலும் எரிபொருள் ஊசித்துளை வழியே சீறி வந்து காற்றோடு கலக்கிறது. துளை அடைத்தால் பின்னால் குத்தி எடுக்க வேண்டும். பர்னர் சூடேறுமுன் பம்ப் அடித்தால் மஞ்சள் தீ எழும்பும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். நீலத் தீ வந்தால் கலவை சரி. என் அம்மா அடுத்த அறையிலிருந்து சத்தத்தைக் கேட்டே “காத்து கொறைஞ்சிருச்சு, ரெண்டு அடி அடி” என்பார். பட்டறையில் செய்தால் தொழில், அடுப்படியில் செய்தால் பழக்கம். ஒன்றுக்குக் கூலி உண்டு, மற்றதற்குப் பெயர்கூட இல்லை.

ஆனால் அவள் செத்தால் மட்டும் அந்த ஸ்டவ் செய்தித்தாளுக்கு வந்தது. வரதட்சணைக்காகக் கொளுத்தப்பட்ட பெண்கள் பலரின் சாவு ‘ஸ்டவ் வெடித்து’ நேர்ந்ததாக எழுதப்பட்டது. தினமும் அதைப் பழுது பார்த்தவளுக்கு, சாகும்போது அதைக் கையாளத் தெரியாமல் போயிற்றாம்! பெண்கள் இயக்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. 1986இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வரதட்சணைச் சாவுக்கான 304பி பிரிவு சேர்ந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் நேரும் இயல்பற்ற சாவில், அதற்குச் சற்று முன் வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால், புகுந்த வீடு பதில் சொல்லியாக வேண்டும்.

வட்டார வரலாறு எழுத வரும் மாணவிகள் பழைய ஜீப்பைத் தேடிப் பட்டறைக்குப் போகட்டும். அப்படியே அடுப்படிக்கும் போய், அந்த வீட்டு அப்பத்தாவிடம் கேட்கட்டும்: ஸ்டவ் பின்னை எங்கே செருகி வைத்திருந்தீர்கள்? காற்று குறைந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?