சென்னைக்கு எத்தனை நாழிகை?

ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 520 கிலோமீட்டர். அது என்றும் மாறியதில்லை. ஆயினும், ஊரிலிருந்து துக்கச் செய்தியுடன் தந்தி வந்த நாளில், செகந்திராபாத் தமிழரிடம் இக்கணக்கைச் சொல்லி என்ன பயன்? அவர் போக வேண்டிய வழி வேறாயிற்றே!

1874-இல் நிஜாம் ராஜ்யத்து இருப்புப்பாதை, வாடி சந்திப்பில் பம்பாய்–சென்னை மார்க்கத்துடன் இணைந்தது. தெற்கே இருக்கும் சென்னைக்குச் செல்ல முதலில் மேற்கே போய், வாடியில் வண்டி மாறி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று சுற்றிவர வேண்டும். 1889-இல் பாதை பெஜவாடாவை எட்டியது. அங்கிருந்து சென்னைக்குத் தொடர்ச்சி கிடைக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின.

1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து சென்னைக்கு முதன்முறை பறந்தபோது, தக்காணத்தில் இறங்கிய இடம் பெல்லாரி. ஹைதராபாத் அன்று வழியில் இல்லை. நிஜாம் அரசும் டாட்டாவும் கூட்டாக 1945-இல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ், அடுத்த ஆண்டே சென்னை, ஹைதராபாத், நாகபுரி, டில்லி நகரங்களை இணைத்தது. டகோட்டா விமானத்தில் சென்னை இரண்டு மணிப் பயணம்! சீட்டின் விலை நம் போன்ற குமாஸ்தாக் குடும்பங்களுக்கு எட்டவில்லை. பேகம்பேட்டை வானில் அதன் இரைச்சல் மட்டும் எட்டியது.

1953-இல் அந்நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸில் கலந்தது. 2008-இல் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்கு மாறின. இப்போது வானில் ஒன்றேகால் மணி போதும். செகந்திராபாத்திலிருந்து ஷம்ஷாபாத் சேர, நெரிசல் மிக்க நாட்களில், அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. துக்கத்துக்குப் புறப்படும் நாம் இன்று முதலில் விசாரிப்பது அந்தச் சாலையைத்தான்.